புகையிலை வரியும் கணக்கேடும்

உலக யுத்தச் செலவை ஈடுசெய்யும் பொருட்டு, இந்தியாவில் புகையிலைமீது 1943 ஆம் ஆண்டு மத்திய உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. 1944 ஆம் ஆண்டின் சட்டமும் விதிகளும் அவ்வரியைக் கணக்கேட்டின்மீதே நிறுத்தின. பயிரிடுவோன் நிலப்பரப்பை அறிவித்தல் வேண்டும். பதனிடுவோன் விளைவின் நிறையைக் காட்டல் வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்ற வணிகன் பண்டசாலையின் வரவையும் வெளியேற்றத்தையும் எழுதிவைத்தல் வேண்டும்.

புகையிலையோ உலருந்தோறும் நிறை குன்றும் பொருள். ஏட்டு நிறையினும் தராசு நிறை குறைந்து, அதற்குத் தக்க விளக்கமும் இல்லையாயின், அக்குறைவுக்கும் வரி கோரப்பட்டது. ஆகவே, குறைந்தது உலர்வினாலேயன்றிக் கள்ளத்தனமான அகற்றலினால் அன்று என நிறுவும் பொறுப்பு ஏடெழுதியவனையே சார்ந்தது.

1979 ஆம் ஆண்டு இலைமீதான வரி நீக்கப்பட்டு, அச்சுமை சிகரெட் முதலிய செய்பொருட்களுக்கு மாற்றப்பட்டது. வரி தொழிற்சாலை வாயிலுக்கு நகர்ந்த பின்னரே குடியானவனின் முற்றம் ஏட்டின் பிடியினின்று விடுபட்டது.