ரத்தக் குழாய்க்குள் ஒரு கண்

இதயத் தமனியில் அடைப்பு என்று ஆஞ்சியோகிராம் காட்டியதும் ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது. நோயாளியின் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி, அது உள்நாட்டுத் தயாரிப்பா, வெளிநாட்டுத் தயாரிப்பா, விலை என்ன என்பதுதான். அந்த ஸ்டென்ட் குழாய்க்குள் முழுமையாக விரிந்து சுவரோடு படிந்து அமர்ந்ததா, அதை எதைக் கொண்டு உறுதி செய்தார்கள் என்று அநேகமாக எவரும் கேட்பதில்லை. சிகிச்சையின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்தக் கேள்விக்கே அதிகப் பங்கு உண்டு.

1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் மேசன் சோன்ஸ் என்ற இதய மருத்துவர், பெருந்தமனிப் பகுதியைப் படமெடுக்க முற்பட்டபோது, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் செலுத்தப்படும் சாயம் தற்செயலாக இதயத் தமனிக்குள் பாய்ந்துவிட்டது. நோயாளியின் இதயத் துடிப்பு சில நொடிகள் நின்றது; அவரை இருமச் செய்த பிறகு மீண்டது. ஆஞ்சியோகிராம் பிறந்த கதை இதுதான். 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலாக பலூனைக் கொண்டு இதயத் தமனி அடைப்பை விரித்தபோதும் அவருக்கு வழிகாட்டியது இந்தப் படமே.

ஆனால், அந்தப் படம் காட்டுவது ஒரு நிழலை மட்டுமே. ரத்தம் ஓடும் பாதையில் சாயம் நிரம்பி, அதன் புறக்கோடு திரையில் தெரிகிறது. குழாயின் சுவரோ, அதில் படிந்துள்ள கொழுப்பின் தன்மையோ, சுண்ணாம்புப் படிவின் கனமோ அதில் தெளிவாகத் தெரிவதில்லை. அடைப்பின் அளவையும் அருகிலுள்ள 'நல்ல' பகுதியோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டியுள்ளது. அந்தப் பகுதியிலும் கொழுப்பு சீராகப் படிந்திருந்தால் அளவுகோலே தவறிவிடும். தேவையைவிடச் சிறிய ஸ்டென்ட் தேர்வாகிவிடும். சுண்ணாம்பு இறுகிய இடத்தில் ஸ்டென்ட் பாதியே விரிந்திருந்தாலும் நிழற்படத்தில் அது ஓரளவு சரியாகவே தோன்றக்கூடும். அரைகுறையாக விரிந்த ஸ்டென்டில் ரத்தம் உறைவதற்கும், மீண்டும் அடைப்பு ஏற்படுவதற்கும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் குறையைப் போக்க இரண்டு முறைகள் உள்ளன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நுண்குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, தமனிக்குள்ளிருந்தே அதன் சுவரைப் படமெடுப்பது ஒன்று. சுருக்கமாக இதை ஐவஸ் என்பர். ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளியைப் பயன்படுத்தும் ஓசிடி மற்றொன்று. ஓசிடியின் படம் ஐவஸைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆனால், ஒளி ரத்தத்தை ஊடுருவ முடியாததால் சாயம் செலுத்தி ரத்தத்தை ஒரு கணம் விலக்க வேண்டும். ஐவஸுக்கு அது தேவையில்லை. சாயத்தின் அளவைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்கு இது பெரும் வசதி.

பயன் உண்டா என்பதற்குச் சான்றுகள் உள்ளன. தென் கொரியாவில் சிக்கலான அடைப்புகள் கொண்ட 1,639 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வில், இதய நோயால் மரணம், சிகிச்சை பெற்ற தமனி சார்ந்த மாரடைப்பு, அதே தமனியில் மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பிய பிரிவில் 12.3 சதவீதமாகவும், உட்குழாய்ப் படத்தின் துணையோடு சிகிச்சை பெற்ற பிரிவில் 7.7 சதவீதமாகவும் இருந்தது. ஏறக்குறைய 22 பேருக்கு இம்முறையைப் பயன்படுத்தினால் ஒருவருக்கு இத்தகைய பாதிப்பைத் தவிர்க்கலாம் என்பது இதன் பொருள். பொருளாதாரக் கணக்கு தொடங்க வேண்டிய இடம் இந்த 22 என்ற எண்தான். ஒருபுறம் 22 நுண்குழாய்களின் விலை. மறுபுறம் ஒரு மாரடைப்பு அல்லது மறுசிகிச்சை, சில வேளைகளில் ஓர் உயிர்.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே 2023-இல் வெளியான, 2,487 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஓசிடி பிரிவினருக்கு ஸ்டென்ட் கூடுதலாக விரிந்திருந்தபோதிலும், இரண்டாண்டு முடிவில் ஒட்டுமொத்தப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஸ்டென்டில் ரத்தம் உறைவது மட்டும் குறைந்திருந்தது. எளிய அடைப்புகளுக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்கினால், மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் மற்றுமொரு வரி கூடுவதே மிச்சமாகும். இடது முதன்மைத் தமனி, கிளை பிரியும் இடம், நீண்ட அடைப்பு போன்ற சிக்கலான நிலைகளுக்குத்தான் ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் தன் மிக உயர்ந்த பரிந்துரையை வழங்கியது.

நம் நாட்டின் நிலைக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ.29,600, சாதாரண ஸ்டென்டுக்கு ரூ.7,260 என உச்சவரம்பு விதித்தது. லட்சம் ரூபாயைத் தாண்டி விற்கப்பட்ட பொருளின் விலை இவ்வாறு சரிந்தது பாராட்டத்தக்க நடவடிக்கை. ஆனால், அந்த வரம்பு உலோகத்துக்கு விதிக்கப்பட்டது. அதைச் சரியாகப் பொருத்த உதவும் கண்ணுக்கு அல்ல. உட்குழாய்ப் படமெடுக்கும் நுண்குழாயின் விலை தனி. காப்பீட்டில் தொகுப்புக் கட்டணமாக ஒரே தொகை வழங்கப்படும்போது, கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியும் மருத்துவமனைக்கு நஷ்டம். மறுசிகிச்சைக்கோ தனித் தொகை கிடைக்கும். இத்தகைய ஊக்க அமைப்பில், கருவியைத் தவிர்ப்பவரைக் குறை கூறிப் பயனில்லை. ஜப்பானில் தேசிய மருத்துவக் காப்பீடு இச்செலவை ஏற்பதால், அங்கு பெரும்பாலான ஸ்டென்ட் சிகிச்சைகள் உட்குழாய்ப் படத்தின் துணையோடு நடைபெறுகின்றன.

மருத்துவச் சேவையில் வாங்குபவருக்கும் வழங்குபவருக்கும் இடையிலான அறிவின் இடைவெளி பற்றிப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார். அந்த இடைவெளி மேசையில் படுத்திருக்கும் நேரத்தில் மட்டுமல்ல, வீடு திரும்பிய பிறகும் நீடிக்கிறது. சிக்கலான அடைப்புகளுக்கு மட்டுமேனும் இந்த நுண்குழாய்க்கான தொகையை அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் தொகுப்புக் கட்டணத்துக்கு வெளியே தனியாக வழங்க வேண்டும். மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலையும் இறங்கும். வழங்கிய தொகைக்குச் சான்றாக, எடுத்த படத்தைப் பாதுகாக்கவும் நிபந்தனை விதிக்கலாம். பொருத்திய ஸ்டென்டின் பெயரும் வரிசை எண்ணும் இடம்பெறும் டிஸ்சார்ஜ் அறிக்கையிலேயே, விரிந்த ஸ்டென்டின் மிகக் குறுகிய இடத்தின் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதையும் எழுதித் தருவது கடினமல்ல. பின்னாளில் நெஞ்சு வலியோடு வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், அவர் முதலில் தேடக்கூடிய எண்களுள் அதுவும் ஒன்று.