கொல்லிமலை மிஷனரிகளும் ‘குமாரன்’ என்ற சொல்லும்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குக் கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் பல சென்று வருகின்றன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அருவியைப் பார்த்துவிட்டு, மிளகும் பலாப்பழமும் வாங்கித் திரும்புகிறோம். அந்த மலையில் வாழவந்தி என்றொரு ஊர் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 1913-ல் திருமணம் முடித்த கையோடு அங்கே குடியேறினார்கள். மருத்துவம் பார்த்தார்கள், மதப் பிரச்சாரமும் செய்தார்கள். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்து அந்த மலையிலேயே அடக்கமானார். அங்கு வளர்ந்த மகன் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில், தொழுநோயால் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சை செய்து இயங்க வைத்த மருத்துவர்.

இவர்கள் ‘ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட்’ என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, விவரம் தெரிந்து நம்பிக்கை கொண்டவரைத் தண்ணீரில் மூழ்கச் செய்துதான் கொடுப்பார்கள். இந்தச் சிறிய பிரிவுக்குள்ளேயே இயேசுவைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஜே.சி. பில்பாட் என்பவர் ‘காஸ்பல் ஸ்டாண்டர்ட்’ இதழின் ஆசிரியர். இயேசு ஆதியிலிருந்தே, காலத்துக்கு முன்பிருந்தே ‘குமாரன்’ என்று அவர் வாதிட்டார். எதிர்த்தரப்பும் இயேசுவைக் கடவுள் என்றே நம்பியது. ஆனால் ‘குமாரன்’ என்பது அவர் மனிதராக வந்த பொறுப்பைக் குறிக்கும் பெயர், என்றென்றும் உள்ள உறவு அல்ல என்றது. 1861-ல் பில்பாட் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். சபைகள் ‘காஸ்பல் ஸ்டாண்டர்ட்’ பக்கம், ‘எர்தன் வெசல்’ பக்கம் என்று இதழ்களின் பெயரால் பிரிந்து நின்றன. அந்தப் பிரிவினர் இந்தியாவில் பணியாற்ற மிஷன் தொடங்கியதும் அதே 1861-ல்தான்!

இந்தக் கேள்வியின் வேர் கி.பி. 4-ம் நூற்றாண்டில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவின் பாதிரியார் ஆரியஸ், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். 325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம் இதை மறுத்து, குமாரன் படைக்கப்படாதவர், பிதாவின் அதே சாரம் உடையவர் என்று முடிவு செய்தது. பிரச்சினை அத்தோடு ஓயவில்லை. பின்வந்த சில பேரரசர்கள் ஆரியஸ் தரப்புக்கு ஆதரவு தர, நிசேயாவின் காவலர் அத்தனேசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்.

இங்கே நம் பக்கத்துத் தவறுகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ‘பைபிளில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று நிசேயாவில் ஓட்டெடுத்தார்கள்’ என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்தச் சங்கம் அதைத் தீர்மானிக்கவில்லை. ஆரியஸை ஏறக்குறைய ஒரு முஸ்லிமாகவே காட்டுவது இன்னொன்று. அவர் இயேசுவை வெறும் மனிதத் தூதராகச் சொல்லவில்லை. உலகம் உண்டாகும் முன்பே இருந்தவர், அவர் மூலமே உலகம் படைக்கப்பட்டது என்றுதான் நம்பினார். ஈஸா (அலை) அவர்களை மர்யமின் மகனாகவும் அல்லாஹ்வின் அடியாராகவும் தூதராகவும் ஏற்கும் நம் நிலைப்பாடு வேறு, அது வேறு. பலவீனமான ஆதாரத்தைச் சொல்லி வாதத்தில் இறங்கினால், விவரம் தெரிந்த கிறிஸ்தவ நண்பர் ஒரே நிமிடத்தில் நம் வாயை அடைத்துவிடுவார்.

குமாரன் கடவுளே என்று முடிவான பிறகு, அவரிடம் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற அடுத்த கேள்வி எழுந்தது. மர்யம் (அலை) அவர்களைக் ‘கடவுளின் தாய்’ என்று அழைக்கத் தயங்கிய நெஸ்டோரியஸ் 431-ல் எபேசு சங்கத்தில் பதவி இழந்தார். 451-ல் கல்கெதோன் சங்கம், ஒரே நபரில் இரண்டு இயல்புகள், கலக்கவுமில்லை பிரியவுமில்லை என்றது. எகிப்து, சிரியா, அர்மீனியா மக்களில் பெரும்பகுதியினர் இதை ஏற்கவில்லை. எத்தியோப்பியத் திருச்சபையும் ஏற்காத மரபுதான். மக்காவின் கொடுமைக்குத் தப்பி ஹிஜ்ரத் போன ஸஹாபாக்களுக்கு அபயம் தந்தாரே நஜ்ஜாஷி மன்னர், அவர் நாட்டுத் திருச்சபை அது. ஜஃபர் (ரலி) ஸூரத்துல் மர்யமை ஓதிக் காட்டியது அந்த அவையில்தான்.

இதெல்லாம் தூர தேசத்து விவகாரமும் அல்ல. பக்கத்துக் கேரளத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகள் கல்கெதோனை ஏற்காத மரபினர். திருச்சூரின் கல்தாயச் சபை, நெஸ்டோரியர் என்று மற்றவர்கள் பெயர் வைத்த கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தது. அந்தத் திருச்சபையின் தலைவர் மார் தின்காவும் போப் இரண்டாம் ஜான் பாலும் 1994-ல் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, கிறிஸ்துவைப் பற்றிய தங்கள் நம்பிக்கை ஒன்றே என்று அறிவித்தார்கள். 1,500 ஆண்டுக்கு மேற்பட்ட சண்டையில் பெரும்பகுதி சொற்களைப் புரிந்துகொள்வதில் வந்த கோளாறு என்றாகிவிட்டது.

நம் வீட்டுக் கதவைத் தட்டிப் புத்தகம் கொடுக்கும் ‘யெகோவாவின் சாட்சிகள்’ திரித்துவத்தை மறுப்பவர்கள், இயேசுவைக் கடவுளின் முதல் படைப்பு என்பவர்கள். மாதா கோயிலுக்குப் போகும் அண்டை வீட்டாரோ நிசேயாவை ஏற்பவர். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில் வராது. மூன்று கடவுள்களை வணங்குகிறீர்களே என்று கேட்டால் இருவருமே இல்லை என்பார்கள். முன்னவர் திரித்துவத்தையே ஏற்காதவர். பின்னவர் மூவரும் ஒரே கடவுள் என்பவர். அது எப்படி என்பதில்தான் நமக்கும் அவருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தொடங்குகிறது.

எவலின் பிராண்ட் கணவர் இறந்த பிறகும் தமிழக மலைகளில் பணியாற்றினார். 1974-ல் 95 வயதில் இறந்த அவரும் கொல்லிமலையிலேயே, கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.