டோபி காட்டில் காய்ந்த துணிகள்



எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவாகச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றபோது, டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கினோம். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெயர்ப்பலகையைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சார், இங்கே காடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டதில் தவறில்லை. நமக்குக் கித்தாக் காடு தெரியும், செம்பனைக் காடு தெரியும்; இது என்ன காடு?

இது காடு அல்ல. டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்பது ஆற்றில் இறங்கும் படித்துறை. இரண்டும் வட இந்தியச் சொற்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வண்ணான்துறை. 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் குடியேற்றம் தொடங்கிய பின், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்தார்கள். பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். ஓடையின் பெயரும் கவனிக்கத் தக்கது. மலாய் மொழியில் 'பெராஸ் பாசா' என்றால் நனைந்த அரிசி. படகில் வந்து நனைந்துபோன அரிசியை அந்தக் கரையில் காயவைத்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். ஆக, துணியும் அரிசியும் வெயிலை நம்பிக் கிடந்த இடம் அது. ஆனால் சிங்கப்பூர் வெயிலை நம்பலாமா? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

இந்தியாவிலிருந்து வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். சென்னைப் பக்கத்துக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குக் காலம் ஒரு கணக்கில் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தை பிறந்தால் மழை ஓயும். மாசி முதல் துணி காய்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சென்னையில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சிங்கப்பூரிலோ ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி மிகக் குறைவாக மழை பெறும் பிப்ரவரியிலேயே 100 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். டிசம்பரில் 330-ஐத் தாண்டும். மழையில்லாத மாதம் என்று ஒன்று அங்கே கிடையாது.

வெப்பத்திலும் ஒரு புதுமை உண்டு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சூடு கூடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். சிங்கப்பூர் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் அங்கே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 பாகைதான். 1983-இல் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை. சென்னையில் கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டுவது புதுமையல்ல. காரணம் என்ன? சிங்கப்பூரைச் சுற்றிலும் கடல். காற்றில் எப்போதும் ஈரம். சூடு ஏறியதும் அந்த ஈரம் மேலே கிளம்பி மேகமாகிவிடுகிறது, வெயிலை மறைக்கிறது, பிற்பகலில் இடியோடு இறங்குகிறது. வெப்பம் ஓரளவுக்கு மேல் போக வானமே விடுவதில்லை.

இந்தப் பிற்பகல் இடிமழைதான் டோபிக்கு எதிரி. காலையில் துவைத்து விரித்த துணி மாலையில்தானே முழுதாகக் காயும்? ஆனால் அதே மழை நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதற்குள் பால் எடுத்து, நிறுத்து, கணக்கு எழுதி முடிந்திருக்கும். நம்மைக் கெடுப்பது விடியற்கால மழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்திராத் தீவின் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து ஒரு புயற்காற்று விடியலுக்கு முன்னும் காலையிலும் வருவதுண்டு. ஆங்கிலேயர் அதற்குச் 'சுமத்திரா' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆனால் மரம் நனைந்துவிட்டதே! வெட்டினால் பால் மங்குக்குள் போகாமல் பட்டை வழியே கலைந்து ஓடும். என் தாயார் அப்படிப்பட்ட காலைகளில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். அவர் வேலை செய்த தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடிக்கும்போது அவருக்கு வரும் கோபத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அதே வெயிலைக் கண்டு டோபி காட்டில் மகிழ்ந்திருப்பார்கள்.

நம் பாடநூல்களில் "ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. டோபி காட் என்ற பெயரில் பினாங்கிலும் ஓர் இடம் உண்டு. இரண்டு ஊரிலும் ஒரே தொழில். ஆனால் டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரில் துணி நாள் கணக்கில் ஈரமாகக் கிடக்கும்போது, பினாங்கில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பினாங்கில் பெருமழை செப்டம்பர், அக்டோபரில். வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைத் தீபகற்பத்தின் நடுவிலுள்ள திதிவாங்சா மலைத்தொடர் மறித்து, கிளந்தான், திரெங்கானு பக்கமே கொட்டச் செய்கிறது. தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையை மறித்துக் கேரளத்துக்குக் கொடுப்பதும் இதே வேலைதான், திசைதான் வேறு. சிங்கப்பூரில் மறிக்க மலை ஏது? அங்கே உயர்ந்த இடமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். அந்தச் சிறு தீவுக்குள்ளும் மேற்கிலும் வடக்கிலும் மழை கூடுதல், கிழக்கே சாங்கிப் பக்கம் குறைவு. மலைகளின் வேலையை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் மலை அடிவாரத்துத் தைப்பிங்கைப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். மலைகளுக்கு நடுவே ஒதுங்கிய ஜெலெபுவில் அதில் பாதிகூட இல்லை.

கித்தா மரம் நம்மிடம் வந்த கதைக்கும் அந்த ஓடைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. ஓடை தொடங்குவது தங்ளின் வட்டாரத்தில்; சிங்கப்பூர்ப் பூமலை என்று நம்மவர் சொல்லும் தாவரவியல் தோட்டமும் அங்கேதான். 1877-இல் 22 கித்தா நாற்றுகள் அந்தத் தோட்டத்துக்கு வந்தன. பிறகு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டு சொன்னார். அமேசான் காட்டு மரம் இங்கே தழைத்ததற்குக் காரணம், டோபியைத் துன்புறுத்திய அதே ஈரமும் வெப்பமும்தான். அந்த மண்ணும் மழையும் இல்லையென்றால் நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறியிருப்பார்களா என்பது சந்தேகமே.

துணி துவைத்த ஓடை பின்னர் ஸ்டாம்ஃபர்டு கால்வாய் ஆகிச் சாலைக்கு அடியில் மறைந்தது. புல்வெளி போயிற்று, டோபிகளும் போய்விட்டார்கள். 1939-இல் அருகில் எழுந்த கேத்தே திரையரங்கு குளிர்சாதன வசதியோடு வந்தது. 1987 முதல் ரயிலும் ஓடுகிறது. பூமிக்கு அடியில் நிற்கும்போது வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரிவதில்லை.

ஆனால் மழை பழைய ஓடையை மறந்துவிடவில்லை. 1978 டிசம்பர் 2-ஆம் நாள் சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் பெய்தது. சென்னையின் ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அது டிசம்பர், எதிர்பார்க்கக்கூடிய மாதம். 2010-இல் நடந்ததோ ஜூன் 16-இல். காலையில் பெய்த கனமழையில் கால்வாய் நிரம்பி, ஆர்ச்சர்டு சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு, பூமலைப் பக்கத்தில் 38,000 கன மீட்டர் நீர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். நீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிடும் கால்வாயும் 2018-இல் முடிந்தது.

நாங்கள் நிலையத்தை விட்டு மேலே வந்தபோது மணி மூன்றிருக்கும். இடி முழங்கத் தொடங்கிவிட்டது. காடு எங்கே என்று கேட்ட அந்தச் சிறுமி வானத்தைப் பார்த்து, "சார், இந்நேரம் துணியை எடுத்திருப்பாங்களா?" என்றாள். பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினோம்.