ஸ்வஸ்தி: ஒரு வாழ்த்துச் சொல்லின் வரலாறு

பாங்காக் நகருக்கு விடுமுறைப் பயணம் செல்வோர் சட்டைப்பையில் கொண்டுபோகும் சிறு சொற்கையேடுகளில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது 'சவத்தீ' என்னும் வாழ்த்துச் சொல்லாகும். ஆடவர் 'சவத்தீ க்ராப்' என்றும், பெண்டிர் 'சவத்தீ கா' என்றும் கூறிக் கைகூப்புவர். காலை, மாலை என்ற வேறுபாடு இதற்கில்லை. சந்திக்கும்போதும் பிரியும்போதும் இதுவே போதும். ஒலிப்பில் அயலாகத் தோன்றும் இச்சொல்லின் எழுத்து வடிவத்தை ஆராய்ந்தால் அது 'ஸ்வஸ்தி' என்னும் வடசொல்லே என்பது புலனாகும்.

தமிழகக் கோயிற் சுவர்களில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' எனத் தொடங்கும் சோழர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய ஒருவருக்கு இதைக் கேட்டவுடன் பெருமிதம் எழுவது இயல்பே. கடல்கடந்த வணிகரோடு கப்பலேறிச் சென்ற சொல் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வழங்கிவருகிறது என்று முடிவுகட்டவும் தோன்றும். ஆனால் வரலாறு கூறும் செய்தி வேறு. சொல் பழையது, அதை வாழ்த்தாக வழங்கும் வழக்கமோ இன்னும் நூறாண்டைக்கூட எட்டாதது. அதைப் படைத்தவர் ஒரு மொழியாசிரியர், ஒரு கவிஞர். ஆகவே கவிஞர்கள் கூடும் அவையில் எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு இது.

கையேட்டின் பிற சொற்கள்

வாழ்த்துச் சொல்லுக்கு அடுத்து வருவன நன்றியும் மன்னிப்பும். நன்றிக்கு 'கோப் குன்' என்பர். இதிலுள்ள 'குன்', குணம் என்னும் சொல்லே. அங்கே அது நற்பண்பையும் ஒருவர் செய்த நன்மையையும் குறிக்கும். 'நீங்கள்' என மதிப்புடன் முன்னிலையாரை விளிக்கவும் அதுவே வழங்கும். மன்னிப்புக் கேட்க 'கோ தோட்' என்பர். 'கோ' என்பதற்கு வேண்டுகிறேன் என்பது பொருள். 'தோட்', தோஷம் என்பதன் திரிபு. அம்மொழியில் அது குற்றத்தையும் அதற்குரிய தண்டனையையும் சுட்டும். நெரிசலில் ஒருவர் காலை மிதித்துவிட்டு 'கோ தோட்' என்னும் பயணி, தான் அறியாமலே தண்டனையை வேண்டி நிற்கிறார்.

உணவு 'ஆஹான்', அது ஆகாரம். மொழி 'பாசா', அது பாஷை. நாடு 'பிரதேட்', அது பிரதேசம். பயணச்சீட்டு வாங்கக் கிழமை கூற வேண்டுமாயின் ஆதித்தன், சந்திரன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன் என்னும் கோள்களின் பெயர்களே அங்கும் உருமாறி நிற்கக் காணலாம்.

எனினும் இவற்றைக் கொண்டு அம்மொழியை வடமொழியின் சேய் எனக் கருதினால் அது பெரும் பிழையாகும். கடைத்தெருவில் 'தாவ் ராய்' (எவ்வளவு) என்று விலை கேட்டவுடன் வேறோர் உலகம் திறக்கிறது. சாம் (3), சீ (4), ஹா (5), ஹோக் (6) என விடையாக வரும் எண்ணுப்பெயர்கள் பண்டைச் சீனத்திலிருந்து பெற்றவை என்பது மொழிநூலார் கருத்து. சுழியத்தைக் குறிக்கும் 'சூன்' மட்டும் சூனியம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. சோறு (காவ்), நீர் (நாம்), போதல் (பை) போன்ற அன்றாடச் சொற்களோ அம்மக்களின் சொந்தச் செல்வங்கள்.

இவை அனைத்தையும் ஆள்வது ஐவகைத் தொனி. 'க்லை' என்பதைச் சமநிலையில் ஒலித்தால் தொலைவு. குரலை இறக்கி ஒலித்தால் அண்மை. வழி கேட்கும் பயணிக்குத் தொலைவும் அண்மையும் ஒரு குரலிறக்கத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. இத்தொனிகளைக் காட்டும் நான்கு குறிகளின் பெயர்களோ ஏக், தோ, திரீ, சத்தவா என்பன; ஒன்று முதல் நான்கு வரையிலான இந்திய எண்ணுப்பெயர்களின் திரிபுகள் இவை. சந்தையில் சீன எண், இலக்கணத்தில் இந்திய எண் என அம்மொழி தன் தேவைக்கேற்பப் பகுத்து எடுத்துக்கொண்டுள்ளது.

வாழ்த்தைப் படைத்த கவிஞர்

'சவத்தீ' பிறப்பதற்குமுன் மக்கள் எவ்வாறு ஒருவரையொருவர் எதிர்கொண்டனர்? 'பை நை மா' (எங்கே போய் வருகிறீர்கள்), 'கின் காவ் ரூ யங்' (சோறு உண்டாயிற்றா) என்னும் கேள்விகளே அவர்தம் வாழ்த்துகளாக இருந்தன. இன்றும் ஊர்ப்புறங்களிலும் நெருங்கியோரிடையேயும் அவை வழங்குகின்றன. 'சாப்பிட்டாயிற்றா' என்று கேட்டு வரவேற்கும் தமிழர்க்கு இவ்வழக்கம் புதிதன்று.

1932ஆம் ஆண்டுப் புரட்சியால் சயாமில் முற்றதிகார முடியாட்சி முடிவுற்றது. கல்வி பெற்ற புதிய வகுப்பினர்க்கு, மேலை நாட்டார் வாழ்த்துகளுக்கு ஈடாகத் தம் மொழியில் ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது. அக்காலத்தில் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் மொழியாசிரியராக விளங்கிய பிரயா உபகித் சில்பசான் (1879-1941), நலமாயிருத்தல் என்னும் பொருளுடைய 'ஸ்வஸ்தி'யை அடியாகக் கொண்டு 'சவத்தீ' என்னும் வடிவத்தை அமைத்தார். 1930களில் அவர்தம் மாணவர்கள் அதனை முதலில் வழங்கினர்.

உபகித் சில்பசான் அம்மொழிக்கு விரிவான இலக்கணம் எழுதியவர். ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற கல்லறைத் தோட்ட இரங்கற்பாவைத் தம் மொழியின் யாப்பில் தழுவிப் பாடியவரும் அவரே. இறந்தோர்க்கு இரங்கிப் பாடிய ஒரு புலவரே வாழ்வோர் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லையும் தந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நின்ற ஆணையும் நில்லாத ஆணைகளும்

1938இல் தலைமையமைச்சரான பிபூன் சொங்க்ராம், 1939இல் நாட்டின் பெயரை சயாம் என்பதிலிருந்து தாய்லாந்து என மாற்றினார். அவ்வாண்டு முதல் 1942 வரை பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகள் பிறந்தன. உடை, தொழில், மொழி என மக்கள் வாழ்வின் பல கூறுகளிலும் அவை நுழைந்தன. 1943 ஜனவரியில் 'சவத்தீ' அரசு ஏற்பு பெற்ற வாழ்த்தாயிற்று. அதனைப் படைத்தவர் அப்போது உயிருடன் இல்லை.

அதே அரசு மொழியில் வேறு பல மாற்றங்களையும் ஆணையிட்டது. 1942இல் நாற்பத்துநான்கு மெய்யெழுத்துகள் முப்பத்தொன்றாகக் குறைக்கப்பட்டன. வடசொற்களை எழுதப் பயன்பட்ட எழுத்துகள் பல நீக்கப்பட்டன. ஆளுக்கும் உறவுக்கும் ஏற்பப் பலவாக இருந்த 'நான்', 'நீங்கள்' என்னும் இடப்பெயர்களுக்கு மாற்றாக 'சான்', 'தான்' என்னும் இரண்டையே யாவரும் வழங்க வேண்டும் எனவும் கட்டளை பிறந்தது. ஒரு கையால் வடமொழி எழுத்துகளைக் களைந்த அரசு, மறுகையால் வடசொல்லின் வழிவந்த வாழ்த்தை நட்டது.

1944இல் பிபூன் பதவி இழந்தார். அவ்வாண்டே பழைய எழுத்துமுறை மீண்டது. இடப்பெயர்க் கட்டளையும் மறைந்தது. வாழ்த்துச் சொல் மட்டும் நின்றது. ஏனைய ஆணைகள் மக்களிடம் இருந்தவற்றைப் பறித்தன. இதுவோ இல்லாத ஒன்றைக் கொடுத்தது. பழைய கேள்விகளை அது அழிக்கவில்லை; அயலாரிடமும் அவையிலும் சொல்லத்தக்க ஒன்றாக அவற்றின் அருகில் அமர்ந்தது. 'க்ராப்', 'கா' என்னும் பணிவு ஒட்டுகளோடு இசைந்து மக்கள் நாவிற்கு ஏற்றதாயிற்று. ஆணை அதற்கு வாயிலைத் திறந்திருக்கலாம். குடியிருக்க இடம் தந்தவர்கள் மக்களே.

தமிழர் கொள்ளத்தக்கது

தாய்லாந்தோடு தமிழர்க்குள்ள பழந்தொடர்பு மெய்யானது. அதற்குக் கற்பனைச் சான்று வேண்டியதில்லை. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த கி.பி. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. பாங்காக் அரண்மனை அந்தணர் நிகழ்த்தும் விழாவின் பெயரில் திருவெம்பாவை, திருப்பாவையின் ஒலி இன்றும் தங்கியுள்ளது. அம்மொழியின் எழுத்தும் கெமர் எழுத்தின் வழியே தென்னிந்தியப் பல்லவ எழுத்தில் வேர்கொண்டது. இத்தகைய சான்றுகள் இருக்க, நேற்றுப் பிறந்த 'சவத்தீ'யைச் சோழர் காலத்திற்குக் கொண்டு செல்வது உண்மைக்கும் இழுக்கு. அதைப் படைத்த புலவர்க்கும் இழுக்கு.

இன்னொன்றும் உண்டு. 'வணக்கம்' என்பது தமிழில் தொன்மையான சொல்லேயாயினும், 'நமஸ்காரம்' இருந்த இடத்தில் அது பொது வாழ்த்தாக அமர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் எழுந்த மேடைத் தமிழும் அதற்கு வழிகோலின. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு மக்களும் தமக்கென ஒரு வாழ்த்தைத் தேடினர். தமிழர் வடசொல்லை விடுத்துத் தம் சொல்லை எடுத்தனர். அவர்கள் வடசொல்லை எடுத்துத் தம் சொல்லாக்கினர். திசைகள் எதிரெதிராயினும் நாடியது ஒன்றே: மனிதர் மனிதரைச் சந்திக்கும்போது தம்முடையது என்று சொல்லத்தக்க ஒரு சொல்.

பாங்காக் வீதியில் கையேட்டைப் பார்த்துத் தயங்கித் தயங்கி 'சவத்தீ' என்கிறார் ஒரு தமிழ்ப் பயணி. எதிர்நிற்கும் கடைக்காரப் பெண் கைகூப்பி அதே சொல்லைத் திருப்பித் தருகிறார். அவருள் எத்தனை பேருக்கு உபகித் சில்பசானின் பெயர் தெரியும் என்பது ஐயமே. பெயர் மறைந்து சொல் வாழ்வதைவிடப் பெரிய பேறு ஒரு கவிஞனுக்கு ஏது?