அரிப்புக் கரையின் பீரங்கி

மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கரையில், 1800ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த முத்துக்குளிப்புகளின்போது, தோணிகள் தத்தம் விருப்பப்படி புறப்படுவதில்லை. இரவு பத்து மணியளவிற் பீரங்கி முழங்கும். அதன் பின்னரே அவை கரைக்காற்றிற் பாய் விரித்து, விடியுமுன் முத்துப்பார்களைச் சென்றடையும். சூரியோதயத்திற் குளிப்புத் தொடங்கும். நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்ததும் கரைக்குத் திரும்புதல் வேண்டும். தோணிகள் தென்பட்டதும் மீண்டும் பீரங்கி முழங்கும், கொடி ஏறும். கரையிற் காத்திருப்போரின் நெஞ்சு அப்போதுதான் ஆறும்.

சுறாவின் அச்சமோ பீரங்கிக்கு அடங்குவதன்று. கடல்கட்டி எனப்பட்ட மந்திரவாதி சுறாவின் வாயைக் கட்டினாலன்றிக் குளியாளர் நீரில் இறங்க மறுத்தனர். ஆங்கில அதிகாரிகளுக்கு அம்மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கையில்லை. ஆயினும், விந்தையாக, அரசாங்கமே கடல்கட்டிக்கு ஊதியம் அளித்துவந்தது. அவனின்றி ஒரு தோணியும் வேலை செய்திராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.