சென்னையைப் பிளேக் ஏன் விட்டுவைத்தது?

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அந்த நாளில் தடாவுக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. நெல்லூர் ஜில்லாவும் செங்கல்பட்டு ஜில்லாவும் ஒரே சென்னை மாகாணம். ஆனால் நோய்க்கென்று ஓர் எல்லையைச் சர்க்கார் போட்டது.

1897-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், ரயில் பயணிகளைச் சோதிக்கவும், சந்தேகப்பட்டவர்களைப் பிரித்து வைக்கவும் அதிகாரம் தந்தது. நம் மாகாணத்தில் பிளேக் கண்ட ஊரிலிருந்து வருபவர்களுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் சில நாட்கள் அதிகாரியிடம் முகத்தைக் காட்ட வேண்டும். புனாவில் வீடு புகுந்து சோதித்த கெடுபிடியால் மக்கள் கொதித்துப்போனார்கள். 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார்.

இத்தனையும் மனிதனைப் பின்தொடர்ந்த ஏற்பாடு. நோயோ எலியோடு போய்க்கொண்டிருந்தது. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் கிருமியைக் கடத்துகிறது என்று 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாயில் வேலை செய்த பிளேக் ஆய்வுக்குழு அதை உறுதிப்படுத்தியது.

அப்போதும் ஒரு புதிர் பாக்கி. 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. சேலம், கோயம்புத்தூர் பக்கமும் பாதிப்பு. பெங்களூர் ரயில் தினமும் வந்து நின்ற சென்னைப் பட்டணத்திலே எலிக்குப் பஞ்சமா என்ன? ஆனாலும் அங்கே பெருங்கொள்ளை நோயாக அது பரவவில்லை.

விடைக்குக் கொழும்பும் உதவியது. அங்கே 1914-ல் பிளேக் தலைகாட்டியது. நம்மவர்கள் வியாபாரம் செய்த புறக்கோட்டையின் தானியக் கிடங்குகளைச் சுற்றியே அது அதிகம் இருந்தது. நகரசபை நுண்ணுயிர் ஆய்வாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட் தெருத்தெருவாக எலி பிடித்து, தெள்ளுகளை இனம் பிரித்து எண்ண வைத்தார். நகரில் பொதுவாக இருந்தது ‘ஆஸ்டியா’ என்ற இனம். பிளேக்கை வேகமாய்ப் பரப்பும் ‘கியோப்பிஸ்’ கிடங்குப் பகுதியில்தான் கூடுதல். சென்னையிலும் ஆஸ்டியாதான் மிகுதி என்பதை டாக்டர் கிராக் முதலானோரின் ஆய்வுகள் காட்டின. கியோப்பிஸின் இரைப்பையைக் கிருமி அடைத்துவிடும். பசி தாளாமல் அது மறுபடி மறுபடி கடித்துக் கிருமியைக் கக்கும். ஆஸ்டியாவுக்கு அப்படி அடைப்பது குறைவு. கடற்கரைச் சூடும் அந்த அடைப்புக்கு ஏற்றதல்ல.

ஆக, பட்டணத்தைக் காத்ததில் பாஸ்போர்ட்டைவிட ஒரு பூச்சிக்கும் வெயிலுக்கும் பங்கு அதிகம். மூன்றாம் வகுப்புப் பயணியை இறக்கி நிறுத்தினார்கள். எலியும் தெள்ளும் சரக்கு மூட்டையோடு போய்விடக்கூடும் என்பது பிறகுதான் புரிந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது இதே தடா எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோய். அதனால் ஆளைச் சோதித்ததற்குக் காரணம் உண்டு. பிளேக் வேறு ஜாதி. எந்த நோய் எதன் முதுகில் ஏறி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வழியை அடைத்தால், பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவன்தான் முதலில் அகப்படுவான். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.