ஸ்ரீபெரும்புதூர்க் கடலில் ஒரு சிங்கி இறால்

பழவேற்காட்டில் வலை கரைக்கு வந்ததும் முதலில் நடப்பது விலை பேசுவதன்று, ரகம் பிரிப்பது. வெள்ளை இறால் ஒரு பக்கம், புலி இறால் ஒரு பக்கம், கால்களைக் கட்டிப் போட்ட நண்டு வேறொரு பக்கம். பிரிக்கிற கை பார்ப்பது மீசையையா, வாலையா, ஓட்டின் நிறத்தையா என்று நம்மால் சொல்ல முடியாது. கேட்டால் சிரிப்பார்கள். எந்தக் கிராமத்தார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு வகுத்துக்கொள்ளும் ‘பாடு’ முறை அந்த ஏரியில் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. வகுப்பதும் பிரிப்பதும் அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் காரியம்.

அந்த ஏரி, பூமியின் கணக்கில், நேற்றுப் பிறந்த குழந்தை. சில ஆயிரம் ஆண்டுகளே வயது. அங்கிருந்து தென்மேற்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் போனால், அதைவிட எத்தனையோ மடங்கு பழைய கடல் ஒன்றின் அடித்தளத்தை மிதிக்கலாம். ஊர் ஸ்ரீபெரும்புதூர். ராமாநுஜர் அவதரித்த தலம் என்றுதான் நமக்குத் தெரியும். புவியியல்காரர்களுக்கோ அது ஒரு பாறையின் பெயர்.

அந்தப் பாறையை விவரித்து எழுதியவர் ராபர்ட் புரூஸ் பூட். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். பாலாற்றுக்கு வடக்கே, சென்னை, வட ஆற்காடு ஜில்லாக்களில் சுற்றி அலைந்து, தாம் கண்டவற்றை 1873-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தார். வெளிறிய களிப்பாறை, மணற்கல். அவற்றைப் பிளந்தால் ஒரே இடத்தில் இலையும் கிடைத்தது, கடற்சிப்பியும் கிடைத்தது. கரையோரக் காட்டிலிருந்து ஆறு அடித்து வந்த தழைகள் ஆழமில்லாத கடலின் சேற்றில் படிந்திருக்கின்றன.

1877-இல் அதே துறையின் குறிப்பேட்டுப் பத்தாம் தொகுதியில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. எழுதியவர் ஒட்டோகர் பீஸ்ட்மாண்டல். பொஹீமியா நாட்டுக்காரர். வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனால் மனம் போனதெல்லாம் கல்லாய்ச் சமைந்த செடிகொடிகளின் மேல். 1875-இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து, இந்தியப் பாறைகளின் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தவர். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவில் அவருக்கு வாய்த்ததோ செடியன்று, கணுக்காலிப் பிராணி. நம் சிங்கி இறாலுக்குத் தூரத்து உறவு. தட்டையான, அகன்ற முதுகோடு உடைய ‘எரையான்’ என்னும் இனம்.

அவர் கொடுத்த பெயரைக் கவனியுங்கள். ‘எரையான் பாரோவென்சிஸ்’ என்று நேராக எழுதிவிடவில்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவே ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும் ஒரு சுருக்கெழுத்தைச் செருகினார். பாரோ என்பது இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் உள்ள ஓர் ஊர். அவ்வூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த பிராணிக்கு மக்காய் என்பவர் 1849-இல் இட்ட பெயர் அது. ‘அதைப்போல இருக்கிறது, அதுவேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்’ என்பதுதான் பீஸ்ட்மாண்டலின் சுருக்கெழுத்துக்கு அர்த்தம். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அந்த அரைச் சொல்தான்.

ஒரு பிராணியின் பெயரில் இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் பாறைக்கு வயது சொல்ல வேறு கடிகாரம் கிடையாது. கல்லுக்குள் இருக்கிற பிராணிதான் கடிகாரம். பாரோவின் பாறை ஜுராசிக் யுகத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இன்றைய கணக்கில் சுமார் 20 கோடி ஆண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பிராணி அதுவேதான் என்றால், நம் பாறையும் அந்த வயதை ஒட்டி நிற்க வேண்டும். தாவரங்களை வைத்துப் பார்த்த பீஸ்ட்மாண்டலுக்கும் ஜுராசிக் என்றே பட்டது. அம்மோனைட் சுருள்களையும், பூதக்கண்ணாடிக்கு மட்டுமே தெரியும் நுண்ணிய ஓடுகளையும் பார்த்த பின்னாள் அறிஞர்களோ வேறு தீர்ப்புச் சொன்னார்கள்: இது கிரெட்டேசியஸ் யுகத்தின் முற்பகுதி, ஏறக்குறைய 12, 13 கோடி ஆண்டுதான் ஆகிறது. ஒரு பெயரை அவசரப்பட்டு ஒட்டியிருந்தால் ஏழெட்டுக் கோடி ஆண்டு பிசகியிருக்கும்!

பிறகு அந்த எரையான் குடும்பமே பாகப்பிரிவினைக்கு உள்ளாயிற்று. 1817-இல் தெமாரே அந்தப் பெயரை உண்டாக்கியது, ஜெர்மனியின் சோல்ன்ஹோபன் கல்லில் கிடைத்த பிராணிகளுக்கு. அடுத்து வந்தவர்கள், தட்டை முதுகோடு உள்ள எதையும் அந்தக் கூடையிலேயே போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தபோது ரகங்கள் பல என்று தெரிந்தது. சில ‘கோலையா’ என்ற இனத்துக்குப் போயின. சிலவற்றுக்கு 1965-இல் கிளெஸ்னர் ‘சைக்லெரையான்’ என்று புதுப்பெயர் சூட்டினார். எதைக் கொண்டு பிரிக்கிறார்கள் தெரியுமா? முதுகோட்டின் ஓரத்து வெட்டுகள், வால் விசிறியில் புறமடலின் குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய மடிப்புக் கோடு. கோடு இருந்தால் கோலையாவின் வீடு, இல்லாவிட்டால் எரையானின் வீடு. கூடைக்காரியின் கண்ணுக்கும் பண்டிதரின் கண்ணுக்கும் அதிகத் தூரம் இல்லை.

இந்தக் கூட்டம் முழுக்க மாண்டுபோகவுமில்லை. சாலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் 1872-இலிருந்து 1876 வரை உலகக் கடல்களைத் துழாவியது. அதில் சென்ற ஜெர்மானிய இளைஞர் வில்லமோஸ்-சூம், ஆழ்கடலிலிருந்து மேலே வந்த குருட்டுச் சிங்கி இறால் ஒன்றைக் கண்டு, பழைய எரையானின் வாரிசு என்று புரிந்துகொண்டார். கிரேக்கப் புராணத்துப் பெண்ணின் பெயராகப் பார்த்து ‘டெய்டாமியா’ என்று அழைத்தார். அந்தப் பெயரை ஏற்கெனவே ஓர் அந்துப்பூச்சிக்குக் கொடுத்தாகிவிட்டது! அமெரிக்காவில் பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்த குரோட் 1873-இலேயே இதைத் திருத்தி, கண்டவரின் பெயரையே சேர்த்து ‘வில்லமோசியா’ என்று மாற்றினார். 1875-இல், பசிபிக் நடுவே, 28 வயதில் வில்லமோஸ்-சூம் இறந்துபோனார். பிராணி அவர் பெயரோடு இருட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியக் கடல்களிலும் அதன் உறவினர்கள் உண்டு. இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் வலையில் வந்தவற்றை 1894-இல் ஆல்காக் விவரித்திருக்கிறார்.

ஜுராசிக் கடலில் ஆழமில்லாத நீரில் கண்ணோடு திரிந்த குலத்தில், கரையோரத்தார் எல்லாரும் அழிந்து, பாதாளத்தில் குடியேறிய குருடர்கள் மட்டும் தப்பியிருக்கிறார்கள்.

உயிரோடு கையைக் கடிக்கிற பிராணியிலேயே இந்தக் குழப்பம் உண்டு என்பதற்குப் பழவேற்காட்டு நண்டே சாட்சி. சேற்று நண்டு ஒரே ஜாதியா, பல ஜாதியா? 1949-இல் பிலிப்பைன்ஸில் எஸ்டம்படோர் பல என்று பிரித்தார். 1960-இல் ஆஸ்திரேலியாவில் இருவர் எல்லாம் ஒன்றே என்று சேர்த்துக் கட்டினார்கள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராய் ஜோயலும் சஞ்சீவராஜும் பழவேற்காட்டு ஏரியிலேயே இறங்கிப் பார்த்து, வளை தோண்டிக் கிடக்கும் சிறியது வேறு, சுற்றித் திரியும் பெரியது வேறு என்று எழுதினார்கள். 1998-இல் கீனனும் நண்பர்களும் ரத்த சம்பந்தத்தையே சோதித்து நான்கு ஜாதி என்றார்கள். அந்த நான்கில் ஒன்று, 1798-இல் பப்ரிசியஸ் நம் தரங்கம்பாடியின் பெயரை வைத்த ‘டிராங்குபாரிகா’. ஏறத்தாழ 200 ஆண்டு அலைக்கழிந்து அது தன் பெயரை மீட்டுக்கொண்டது.

பீஸ்ட்மாண்டல் 1883-இல் தாய்நாடு திரும்பி, 1891-இல் காலமானார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இப்போது மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகள் எழும்பியிருக்கின்றன. அஸ்திவாரம் தோண்டும் இடங்களில் வெளிறிய களிப்பாறை பாளம் பாளமாக மேலே வருகிறது. லாரிகளில் ஏற்றிப் பள்ளங்களைத் தூர்க்கக் கொண்டுபோகிறார்கள்.